பொற்காசில் பொறித்த பெயர்

கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்தது முதல் கி.மு. 30-இல் எகிப்து ரோமர் வசமானது வரையிலான காலத்தை வரலாற்றாசிரியர்கள் ஹெலனிய காலம் என்பர். அக்காலத்துக் கிரேக்கப் பொற்காசுகளை இனங்காண முற்படுவோர், காசில் எந்த மன்னனின் பெயர் உள்ளதோ அவனே அதை வெளியிட்டான் என்னும் எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். ஏனெனில், வணிகரும் கூலிப்படையினரும் தயக்கமின்றிப் பெற்றுக்கொண்ட பழைய வடிவங்களையே பின்வந்த அரசர்களும் நகரங்களும் நெடுங்காலம் அச்சிட்டு வந்தனர்.

அலெக்சாந்தர் வெளியிட்ட ஸ்டேட்டர் என்னும் பொற்காசு ஏறத்தாழ 8.6 கிராம் எடையுள்ளது. அதன் முன்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவியின் தலையும், பின்பக்கத்தில் மாலையையும் கப்பற்கொடிக்கம்பத்தையும் ஏந்தி நிற்கும் வெற்றித் தேவதை நைக்கியும், அருகே அலெக்சாந்தரின் பெயரும் காணப்படும். நைக்கியின் காலடியிலோ இறக்கைக்குக் கீழோ உள்ள சிறு குறிகளையும், சில எழுத்துகளைப் பிணைத்து அமைத்த கூட்டெழுத்துகளையும் கொண்டே காசு எந்த நாணயச்சாலையில், ஏறக்குறைய எப்போது உருவானது என்பதை அறிஞர்கள் கணிக்கின்றனர். இதே அதீனாவும் நைக்கியும் இருந்து, பெயர் மட்டும் பிலிப்பு என்றிருந்தால், அது அலெக்சாந்தரின் தந்தையுடையதன்று. அலெக்சாந்தருக்குப் பின் அரியணையேறிய, மாற்றாந்தாய்க்குப் பிறந்த சகோதரர் மூன்றாம் பிலிப்பினுடையது. தந்தையின் காசில் அப்பொல்லோவின் தலையும் இரட்டைக் குதிரை பூட்டிய தேரும் இருக்கும். அவற்றிலும் பல அவர் மறைவுக்குப் பின் அச்சிடப்பட்டவையே.

லைசிமாக்கஸ் மன்னரின் காசு இன்னும் வியப்பானது. ஆட்டுக்கொம்பு முளைத்த தெய்வமாக அலெக்சாந்தரைக் காட்டும் இக்காசை, அம்மன்னர் கி.மு. 281-இல் போரில் மடிந்த பின்னரும் கருங்கடல் பகுதி நகரங்கள் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டன. இதன் பின்பக்கத்தில் அமர்ந்திருக்கும் அதீனாவின் இருக்கைக்குக் கீழே திரிசூலம் தென்பட்டால், அது பெரும்பாலும் பைசாந்தியத்தின் காசு.

எகிப்தின் தாலமி மன்னர்களோ தமக்கெனத் தனி எடையளவை வகுத்துக்கொண்டனர். அவர்களுடைய பெரிய பொற்காசு ஏறத்தாழ 27.8 கிராம் எடையுள்ளதாதலால், அதைத் தராசிலேயே கண்டுகொள்ளலாம்.

போலிகளைப் பொறுத்தவரை, வார்ப்பில் செய்தவை விளிம்பில் தெரியும் இணைப்புக் கோட்டினாலும், குமிழிப் புள்ளிகளினாலும், மழுங்கிய எழுத்துகளினாலும் பிடிபடும். அச்சு வெட்டி அடித்த போலிகளே பெருந்தொல்லை. செர்மனியைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) தாமே அச்சு வெட்டி, சில வேளைகளில் மெய்யான பழங்காசுகளின் மீதே அடித்து, அவற்றை இரும்புத்தூளுடன் பெட்டியிலிட்டு வண்டியில் குலுங்கவிட்டுப் பழமைத் தோற்றம் ஏற்றினார் என்பர். இத்தகைய காசில் பொன்னும் எடையும் குறை சொல்ல இடந்தராதபோது, ஐயத்துக்குரிய காசின் முடியிழைகளையும் எழுத்து வளைவுகளையும் அவர் வெட்டியதாக அறியப்பட்ட அச்சுகளோடு ஒப்பிடுவதே வல்லுநர் கையாளும் உறுதியான வழி.