வாணத்தில் நீலம்... வீட்டில் காவல்!

எங்கள் சிவகாசியில் செம்பு பற்றிக் கேட்டால், ''வாணம் நீலமா பூக்கணுமா? செம்பு உப்பைப் போடு!'' என்பார்கள். அதே செம்பு பல வீடுகளில் சத்தமே இல்லாமல் இன்னொரு வேலையும் பார்க்கிறது. காப்பர்-டி!

ஆபீஸில் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், ஆம்பளைகள் அத்தனை பேரும் திடீரென்று பில் புக்கைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ''அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், விடுப்பா!''

எப்படி விடுவது? என் மனைவிக்கு முதல் மூன்று மாதம் உதிரப்போக்கு அதிகம். வலி வேறு. ''ஏங்க, எடுத்துடலாமா?'' என்று அவள் கேட்டதும் விசாரிக்க ஆரம்பித்தேன்.

செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவை முடக்குகின்றன. 1969-ல் இந்தக் குணத்தைச் சொன்னவர் சிலி நாட்டு டாக்டர் ஜெய்மி ஸிப்பர். 'டி' வடிவம் அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் டேட்டம் தந்தது. 380ஏ ரகத்தில் 380 சதுர மில்லிமீட்டர் செம்பு. பத்து வருஷம் தாங்கும். முதல் வருஷத்தில் தவறுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

சிக்கல் எங்கே? புதுச் செம்பு ஆரம்பத்தில் தேவைக்கு மேல் அயனிகளைக் கொட்டும். புது மாப்பிள்ளை முறுக்கு! கூடவே சட்டமும் கர்ப்பப்பையை உறுத்தும்.

இதைச் சரிக்கட்டத்தான் ஆராய்ச்சி. செம்புத் துகளைப் பிளாஸ்டிக்கில் கலந்து மெள்ளக் கசியவிடும் முயற்சி சீனாவில் நடந்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்த 'மியூடெல்லா'வில் வளைந்து கொடுக்கும் நிக்கல்-டைட்டானியம் சட்டம். செம்பு பாதிக்கும் குறைவு. ஆனால் ஆயுசு மூன்றே வருஷம்.

நம்ம ஊர் பேரியமும் இதில் உண்டு! பட்டாசில் பேரியம் உப்புக்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. 'டி'யின் பிளாஸ்டிக்கில் இருப்பதோ பேரியம் சல்பேட். கரையாத சாது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்த்தது.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, ''சரியான இடத்துலதான் இருக்கும்மா. போகப் போகக் குறையும். வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம், அது உன் முடிவு'' என்றார். ஆறாவது மாதம் அடங்கியது.

காய்ச்சல், கடும் வலி, துர்நாற்றக் கசிவு, நாள் தள்ளிப்போவது, நூல் தட்டுப்படாதது... ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். செம்பு உடம்பில் சேரும் வில்சன் நோய் உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது.

வெடியைப் பற்றவைத்துவிட்டுத் தள்ளி ஓடலாம், தம்பிகளா. இதில் மட்டும் ஓடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்!