ஆர்.சி.யில் இல்லாத எஞ்சின்

மோட்டார் வாகன ஆய்வாளர் வருவதற்கு முன்பே பென்சில் பிரிண்ட் எடுத்து வைத்துவிட வேண்டும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண்கள் வெள்ளையாக எழுந்து வரும். என் நண்பரின் கான்டெஸாவில் அது அழகாகவே வந்தது. ஆய்வாளர் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் டார்ச் அடித்தார். எண்ணைப் படித்தார். ஆர்.சி.யைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது என்ன எஞ்சின் சார்?"

கேட்ட தொனியில் கோபம் இல்லை. கொஞ்சம் ரசனைகூட இருந்தது. ஆனால் பதிவு புதுப்பிக்கப்படவில்லை. 15 ஆண்டு முடிந்த தனியார் காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் மாற்றிய பழைய வண்டிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதுவரை ஊரெல்லாம் ஓடியிருக்கும்.

கான்டெஸாக்காரர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டரை அடிப்படையாக வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் இறக்கிய வண்டி அது. நீண்ட மூக்கு, அகன்ற உடம்பு. பார்த்தால் அமெரிக்கப் படத்தில் வரும் கார். உள்ளே இருந்ததோ அம்பாசடரில் இருந்த அதே 1489 சிசி எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்பில் கணக்குப்பிள்ளை இதயம். பிறகு 1.8 லிட்டர் இசுஸு எஞ்சின் வந்தது. திறன் 90-ஐ நெருங்கியது. தயாரிப்பு 2002-இல் நின்றுபோனாலும், பழைய 1.5-ஐத் தூக்கிவிட்டு இசுஸுவையோ, இன்னும் பெரிதாக ஜப்பானிலிருந்து வரும் ஆறு சிலிண்டரையோ உட்கார வைக்கும் கனவு நிற்கவில்லை. பத்மினியில் 118 என்.இ.யின் நிஸான் எஞ்சின், சின்ன மாருதியில் எஸ்டீமின் 1.3 என்று இதே கனவுக்கு மலிவுப் பதிப்புகளும் உண்டு.

பட்டறையில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அதெல்லாம் எண்டார்ஸ்மென்ட் பண்ணிக்கலாம் அண்ணே."

பண்ண முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்தது. மாநில விதிகளில் மாற்றத்துக்கு இடம் இருப்பதுபோலத் தெரிந்தாலும், அவை 52-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவையே. தயாரிப்பாளரின் அசல் வடிவமைப்பை மீறும் மாற்றத்தைப் பதிவு அதிகாரி அங்கீகரிக்க முடியாது என்றது. பட்டறைகளில் இன்னும் புழங்கும் "முன்னாடி எல்லாம் போட்டுக் கொடுத்தாங்க" என்ற பேச்சு அந்தத் தேதிக்குப் பின் செல்லாக்காசு.

அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை நிறுத்திப் படிக்க வேண்டும். பெரிய எஞ்சின் தனியாக வருவதில்லை, சைலன்ஸரையும் இன்னும் நாலு சாமானையும் இழுத்துக்கொண்டுதான் வரும். இன்னொன்று: இந்தத் துணைப்பிரிவு உரிமையாளரைத்தான் குறிக்கிறது. பட்டறைக்காரர் கை கழுவிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

சட்டம் கிடக்கட்டும், இரும்பு என்ன சொல்கிறது? 1964-இல் வந்த சன்பீம் டைகர் கதையை எஞ்சின் மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ரூட்ஸ் நிறுவனம் சன்பீம் அல்பைன் என்ற 1.6 லிட்டர் குட்டி ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவந்தது. அதற்குள் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8-ஐ நுழைத்துக் காட்டியவர் அமெரிக்கப் பந்தயக்காரர் கரோல் ஷெல்பி. எஞ்சின் நுழைந்தது; இடம்தான் மிஞ்சவில்லை. பெயின்ட் அடித்து முடித்த பாடியின் ஃபயர்வாலைச் சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளினார்கள் என்று சொல்வார்கள். பின்கோடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற ஃபயர்வாலில் ஓட்டை போட்டு, காருக்குள்ளிருந்து கைவிட வேண்டியிருந்தது. ஸ்டீயரிங் அமைப்பே வேறானது. கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் மாறின. பிறகு ரூட்ஸை கிரைஸ்லர் வாங்கியது. தன் காருக்குள் போட்டியாளரின் எஞ்சினா என்று தன் சொந்த வி8-ஐப் பொருத்தப் பார்த்தது. அதில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருந்தது, இடித்தது. கார் 1967-இல் நின்றுபோனது. வரைபடமும் பொறியாளர்களும் சோதனைக்களமும் வைத்திருந்த கம்பெனிக்கே அந்தப் பாடு.

நம் பட்டறையில் நடப்பது என்ன? மவுண்டிங் பிராக்கெட்டை வெல்ட் அடிப்பார்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை லேத்தில் வெட்டி நீளம் சரிசெய்வார்கள். ரேடியேட்டர் போதாமல் சிக்னலில் ஹீட் ஏறும். கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் டியூப், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பம்ப் தரும் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்ததல்ல. கசிந்தால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும்விட பிரேக். 100 கி.மீ. வேகத்தைவிட 140 கி.மீ. வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இருமடங்கு. வேகம் கூடியது ஒன்றரை மடங்குகூட இல்லையே என்று நினைப்போம். பிரேக் டிரம் அப்படி நினைக்காது. நண்பரின் பில்லைப் பார்த்தேன். எஞ்சினுக்கு ஒரு பக்கம் முழுக்க வரிகள். பிரேக்குக்கு ஒரே வரி: 'லைனிங் மாற்றியது'.

விபத்து நடந்தால்தான் மீதிக் கதை தெரியும். அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்காமல் போகாதபடி மூன்றாம் நபர் காப்பீட்டுச் சட்டம் பெரும்பாலும் காக்கிறது. ஆனால் எஞ்சினை மாற்றியதை மறைத்தது முக்கியத் தகவலை மறைத்ததாகும் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட இடம் இருக்கிறது. பாலிசி மீறல் வழக்குகளில், 'நிறுவனம் முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று தீர்ப்பாவதும் உண்டு. அப்படி ஆனால் லட்சக்கணக்கான ரூபாய் நேராக வீட்டு வாசலுக்கு வரும். சொந்த வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மில் நிலைமை இன்னும் மோசம். சர்வேயர் எஞ்சின் நம்பரைப் பார்க்காமல் போகமாட்டார். ரேஸ், வேகச் சோதனை ஆகியவை பாலிசியில் விலக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வைக்கவும். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது 189-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாதியாக வெட்டி இறக்குமதியான 'ஹாஃப் கட்' வண்டியிலிருந்து எடுத்தது என்று சொல்வார்கள். அப்படியானால் சுங்கத் துறையில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி நகல் எங்கே? உடைத்த வண்டியின் எஞ்சின் என்றால் அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான சான்று எங்கே? எண் பொறித்த இடம் அரம்போட்டு மழமழவென்று இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 'எனக்குத் தெரியாது' என்பதை ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் சொன்னால் யார் நம்புவார்கள்?

50 ஆண்டைத் தாண்டிய கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி அத்தகைய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிந்து, 'விஏ' எழுத்துள்ள தனி எண் பெறலாம். நிபந்தனை: சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புது எஞ்சின் ஏற்றிய அன்றே அந்தத் தகுதி போய்விடுகிறது. பழைய காருக்குச் சந்தையில் மதிப்பே 'மேட்சிங் நம்பர்'தான். வேகத்துக்காக ரூபாயும் கொடுத்து மதிப்பையும் குறைத்துக்கொள்வது எனக்குப் புரியாத கணக்கு.

அப்படியானால் சட்டம் எதற்குமே வழி விடவில்லையா? விட்டிருக்கிறது, கொஞ்சம். எஞ்சின் செத்துப்போனால், அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதியோடு மாற்றலாம். பில், காப்பீடு, புகைச் சான்று எல்லாம் வைத்து விண்ணப்பித்து, மாற்றிய பின் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றிவிட வேண்டும். சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி ஆகியவற்றுக்கு மாற 52-ஆம் பிரிவே விலக்கு தருகிறது. ஆனால் கிட் அந்த மாடலுக்கென்று சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தின் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்கள் செய்யும் வேலை அது. மின்மோட்டார் ஏற்றிய பழைய கார் முதல் கியரிலேயே பாயும் பாய்ச்சலைப் பார்த்தவர்களுக்கு இது ஆறுதல் பரிசாகத் தெரியாது. பெட்ரோல் வாசனையே வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக்களம் இருக்கிறது, கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. மோட்டார் பந்தயங்களுக்கான கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் வாங்கி, வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே ஆசை தீர ஓட்டலாம். அந்த வண்டிச் சக்கரம் மட்டும் பொதுச்சாலையில் படக் கூடாது.

இந்த இடத்தில் சட்டத்தோடு எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஜெர்மனியில் எஞ்சினை மாற்றினால் வண்டியின் சாலை அனுமதி செல்லாமல் போகும், ஆனால் டி.யூ.வி. போன்ற அமைப்பின் பொறியாளர் பிரேக்கிலிருந்து புகைவரை சோதித்துச் சான்று தந்தால், அதை ஆவணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். பிரிட்டனில் புது எஞ்சினின் எண்ணையும் கொள்ளளவையும் ஆதாரத்தோடு ஓட்டுநர்-வாகன உரிம முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே தனி ஆள் ஒருவர் பிரேக்கையும் சேர்த்து ஒழுங்காகச் செய்தாலும், சோதித்துப் பார்க்கக் கதவே இல்லை. கதவில்லாத இடத்தில் ஜன்னல் ஏறிக் குதிப்பவர்கள்தான் கூடுவார்கள். ஆனாலும் கதவு வைக்கும்வரை ஜன்னலில் கால் வைத்து எலும்பு முறிவது நமக்குத்தான்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வண்டியைச் சாலைக்கு எடுக்காமல் நிறுத்துவது. பழைய எஞ்சின் கையில் இருந்தால் அதையே திரும்ப ஏற்றுவதுதான் சிக்கனமான பரிகாரம். ஆர்.டி.ஓ. பதிவை நிறுத்திவைத்தாலோ விண்ணப்பத்தை மறுத்தாலோ உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். 57-ஆம் பிரிவின்படி அது கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். க்ளெய்மைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்தில் தீராவிட்டால், மறுப்பு வந்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை.

பட்டறை ஏமாற்றியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிக்கல். 'சட்டம் அனுமதிக்காத வேலை என்று தெரிந்தே இருவரும் பேசிக்கொண்டோம்' என்ற நிலையில் உங்கள் வழக்கு நொண்டும். சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. மாறாக, 'ஆர்.சி.யில் ஏற்றித் தருவோம்' என்று பட்டறை எழுதிக் கொடுத்திருந்தால், வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால்கூட, அதுதான் உங்கள் பிடி. அழிக்காதீர்கள்.

நண்பரிடம் அப்படி எதுவும் இல்லை. பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டேன். பட்டறை மூலையில் தார்ப்பாய் போட்டுக் கிடந்ததாம். இடத்தை அடைக்கிறது என்று அவர்கள் சொன்னதும், எடைக்குப் போடச் சொல்லிவிட்டாராம். ஆர்.சி.யில் இருக்கும் அந்த எண் கிலோ கணக்கில் போய்விட்டது.

இப்போது அதே வகை 1489 சிசி எஞ்சின் ஒன்று பில்லோடு கிடைக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் பார்க்கப் போனார். பேரம் பேசுவதற்கு முன் பையிலிருந்து டார்ச்சையும், மெல்லிய தாளையும், பென்சிலையும் எடுத்தாராம்.