வலீமா யாருடைய விருப்பப்படி?



சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு தாய் மகளின் கலியாணப் பேச்சோடு என்னிடம் வந்தார். எருக்கலம்பிட்டிக் குடும்பம். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது புத்தளம் சென்றவர்கள். மகள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் 2009க்குப் பின் ஊர் திரும்பியவர்கள்.

"மௌலவி, பிள்ளைகள் இரண்டு பேரும் மண்டபம் வேண்டாம் என்கிறார்கள். ஊரில், வீட்டு வளவில் பாய் விரித்து சஹன் வைக்கவேண்டுமாம். இறைச்சியும் வேண்டாமாம், மீன் குழம்பாம். சனம் என்ன சொல்லும்?"

பேச்சினூடே இன்னொன்றும் வெளிவந்தது. புத்தளத்தில் பெரிய மண்டபம் பேசி, செலவில் பாதியைப் பெண் வீடு தருவதாக ஏற்பாடு. அதற்காகத் தன் காப்புகளை அடகு வைக்க அந்தத் தாய் எண்ணியிருந்தார்.

வலீமா மாப்பிள்ளையின் பொறுப்பு. அதில் பெண் வீட்டாருக்குக் கடன் எதற்கு? 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைக்கூட மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்றே வரையறுக்கிறது. மண்டபத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மகளுக்கு என்ன மிஞ்சும்?

மீனுக்கு வருவோம். கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் ஸபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்தார்கள். அந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும்தான். ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவிலோ ஆடு அறுக்கப்பட்டது. இயன்றதைச் செய்தார்கள். மன்னார்க் கடற்கரையில் பாரை மீனை விடவா இயன்றது வேறு இருக்கிறது!

பிள்ளைகளின் ரசனைக்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று கேட்பீர்கள். ஓர் அன்ஸாரிப் பெண்ணின் திருமணத்தின்போது, அங்கே பொழுதுபோக்கு ஏதும் இல்லையா, அன்ஸாரிகள் அதை விரும்புவார்களே என்று நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களிடம் விசாரித்ததாக புகாரியில் வருகிறது. அந்தச் சனத்தின் விருப்பம் கேட்டறியப்பட்டது, பாருங்கள்.

ஏழைகளை விட்டுவிட்டுச் செல்வந்தரை மட்டும் அழைக்கும் வலீமா உணவு பற்றி ஹதீஸில் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. வளவில் வைத்தால் அயலில் உள்ள கூலித் தொழிலாளியும், கடலுக்குப் போகும் கிறிஸ்தவ அயலவரும் கூச்சமின்றி வருவார்கள். மண்டபத்து வாசலில் அவர்கள் தயங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் வற்புறுத்தினேன். ஆறு பேருக்கு ஒரு சஹன் என்பது கணக்கு. ஆண்களுக்கே முதலில் வைப்பார்கள். கறி குறைந்தால் அது பெண்கள் பக்கத்தில்தான் குறையும். சமைத்துக் களைத்தவர்களுக்கு அடிச்சட்டி! ஆகவே பெண்களின் எண்ணிக்கையைத் தனியாக எடுத்து, அவர்களுக்கு முதலில் அனுப்பச் சொன்னேன். புத்தளத்து உறவினர் அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றி வரவேண்டும் என்பதால், இரவு விருந்தைப் பகலுக்கு மாற்றும்படியும் சொன்னேன்.

அல்ஹம்துலில்லாஹ், நடந்து முடிந்தது. மொத்தம் 42 சஹன். அதில் 22 பெண்களுக்கு முதலில் போயின. காப்புகள் அந்தத் தாயின் கையிலேயே இருந்தன. மாப்பிள்ளையின் வாப்பா மட்டும், மண்டபம் எடுத்திருக்கலாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.