ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றலாமா? முதன்முறை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கடந்த கோடையில் குடும்பத்துடன் திருச்சியிலிருந்து மதுரைக்குச் சென்றோம். துவரங்குறிச்சியை நெருங்கும்போது காரின் வெப்ப முள் மேலே ஏறத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி பானட்டைத் தூக்கிப் பார்த்தால் ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றலாம் என்று நாம் மூடியில் கை வைத்ததுதான் தாமதம், பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர், "ஹஜ்ரத், கையை எடுங்க!" என்று சத்தம் போட்டார். அவர் மட்டும் அங்கே இல்லையென்றால் நம் முகம் வெந்திருக்கும்.

காரணம் எளிது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதும் அதன் வேலை. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கூடுதலாக ஒரு பார் அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அதுவரை அடங்கியிருந்த நீர் அந்த நொடியே கொதித்து ஆவியாகி முகத்தில் பாயும். எஞ்சின் நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடவே கூடாது. மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தால் தெரியும். அது விறைப்பாக இருக்கும் வரை பொறுக்க வேண்டும்.

எப்படியோ இழுவை வண்டியில் ஊர் வந்து சேர்ந்தோம். முன்பெல்லாம் ரேடியேட்டர் என்றால் செம்பும் பித்தளையும்தான். ஓட்டை விழுந்தால் பட்டறையில் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். இன்றைய கார்களில் நடுப்பகுதி அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். இரண்டையும் ரப்பர் பட்டை வைத்து மடக்கி இறுக்கியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டால் அந்த விளிம்பில் கசியும். நம் காரிலும் கசிவு அங்கேதான். பசை போட்டு ஒப்பேற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் அப்படிச் செய்ய நமக்கு மனம் வரவில்லை. புதியதையே வாங்கினோம். பாலிடெக்னிக் படிக்கும் தங்கை மகன், "நாமே மாட்டலாம் மாமு" என்றான்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம் பால் கலந்த தேநீர் போல இருந்தாலோ, புகைக்குழாயில் ஓயாமல் வெள்ளைப் புகை வந்தாலோ பழுது ரேடியேட்டரோடு நிற்கவில்லை. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. நாம் கை வைக்கக் கூடாது.

ஃபஜ்ருக்குப் பின் எஞ்சின் குளிர்ந்து கிடந்த நேரத்தில் வேலையைத் தொடங்கினோம். முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் சாவி அணைந்திருந்தாலும் விசிறி திடீரென்று சுழலும். பிறகு அடியிலுள்ள வடிகுழாய்த் திருகைத் திறந்து பேசினில் வடித்தோம். மூன்று லிட்டர் வந்தது. இந்த அளவைக் குறித்து வைத்தது பின்னால் நம்மைக் காப்பாற்றியது.

இதற்கிடையில் தங்கையின் சின்ன மகள் ஓடி வந்து, "இது ஷர்பத்தா மாமு?" என்று கேட்டாள். பார்க்க அப்படித்தான் இருக்கும், சுவையும் இனிப்பு. ஆனால் கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே பறிக்கக் கூடியது. பூனையும் நாயும் கூட இதை நக்கிச் சாகின்றன. வடித்த உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே எழுதி, எட்டாத உயரத்தில் வைத்துவிட வேண்டும். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றவே கூடாது. சாக்கடையிலும் கொட்டக் கூடாது, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடலாம். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் மயக்கம், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழற்றுவது பெரிய விஷயமல்ல. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், விசிறியின் ஒயர், மேலே இரண்டு போல்ட், அவ்வளவுதான். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் கையால் திருகித் தளர்த்த வேண்டும். நெம்பினால் எதிரிலுள்ள பிளாஸ்டிக் கழுத்து உடையும். ஏசி உள்ள வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் அதே போன்ற இன்னொரு பலகை நிற்கும். அது கண்டென்சர், அதன் குழாய்களில் அழுத்தத்தோடு வாயு இருப்பதால் அவற்றைத் தொடாமல் ரேடியேட்டரை மட்டும் மேலே தூக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் பெரும்பாலும் கியர் எண்ணெய்க் குழாய்களும் சேர்ந்து வரும். முதன்முறை செய்பவர் அதில் இறங்காமல் இருப்பதே நல்லது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டோம். அடியிலிருந்த ரப்பர் புஷ்களைப் பழையதிலிருந்து எடுத்துப் போட்டோம். அவற்றை மறந்தால் புதியது அதிர்ந்து அதிர்ந்தே உடையும்.

எல்லாவற்றையும் மாட்டி, தண்ணீர் கலக்கத் தேவையில்லாத தயார்நிலைக் கூலன்ட்டை ஊற்றினோம். அடர் கூலன்ட் வாங்கியிருந்தால் பாதிக்குப் பாதி பேட்டரித் தண்ணீர் சேர்க்க வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைத்துவிடும். இரண்டு லிட்டரிலேயே விளிம்பு நிறைந்தது. புதியது கொஞ்சம் சின்னது போலிருக்கிறது என்று நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு மூடியைப் போட்டு தெருவைச் சுற்றக் கிளம்பினோம். ஐந்து நிமிடத்தில் முள் ஏறியது. இறங்கித் தொட்டுப் பார்த்தால் மேல் ஹோஸ் சில்லென்று இருந்தது!

வேறொன்றுமில்லை, எஞ்சினுக்குள் காற்று அடைபட்டிருந்தது. வடிந்தது மூன்று, ஊற்றியது இரண்டு. மீதி ஒரு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நின்றது. அப்படியே ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ரேடியேட்டர் விலையைப் போலப் பல மடங்கு செலவு வந்திருக்கும். சில நேரம் வெப்பமானியின் முனையே காற்றுக்குள் நின்றுவிடும். அப்போது முள் ஏறாமலே எஞ்சின் வெந்துபோகும். அதனால் முள்ளை மட்டும் நம்பக் கூடாது.

அஸர் வரை ஆறவிட்டோம். பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹோஸ்களைத் துணி சுற்றிய கையால் அழுத்தி அழுத்தி விட்டோம். குமிழிகள் வந்தன, மட்டம் இறங்கியது, ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சட்டென்று சூடானது. மட்டம் மறுபடியும் சரிந்தது, மறுபடியும் ஊற்றினோம். விசிறி இரண்டு முறை ஓடி நின்று, குமிழி அடங்கிய பிறகே மூடியை இறுக்கினோம். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் பார்த்தபோது இன்னும் அரை டம்ளர் பிடித்தது. அடுத்த வாரமே அதே பாதையில் மதுரை போய் வந்தோம். துவரங்குறிச்சியில் முள் பாதியைத் தாண்டவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.