ஒரே தண்டவாளம், ஏழு அளவுகள்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இருந்த லேமன் பொம்மை நிறுவனம் 1968இல் எல்ஜிபி என்ற தோட்ட ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் புல்வெளியில் ஓடக்கூடிய ரயில். அதன் முதல் இன்ஜினுக்குப் பெயர் ‘ஸ்டைன்ஸ்’. ஆஸ்திரியாவில் 1892இல் ஓடத் தொடங்கிய குட்டி நீராவி இன்ஜின் ஒன்றின் மாதிரி அது. அசலைவிட 22.5 மடங்கு சிறியது; ஓடும் தண்டவாளத்தின் அகலம் 45 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1,012 மி.மீ. வருகிறது, ஏறக்குறைய மீட்டர் கேஜ். அசல் ஸ்டைன்ஸ் ஓடியதோ 760 மி.மீ. பாதையில். கணக்குப்படி அதன் மாதிரிக்கு 33.8 மி.மீ. தண்டவாளம் போதும், கிடைத்தது 11 மி.மீ. கூடுதல். தோட்ட ரயில் உலகின் செல்லப்பிள்ளையே பொருந்தாத தடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

மாதிரி ரயில்காரர்கள் இரண்டு அளவுகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒன்று ஸ்கேல்: அசலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பது. மற்றது கேஜ்: இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம். இரண்டும் ஒத்துப்போனால் தொல்லை இல்லை. உலகின் பெரும்பகுதியில் ஓடும் 1,435 மி.மீ. பாதையை 87 மடங்கு சுருக்கினால் 16.5 மி.மீ.; எச்.ஓ. என்கிற மாதிரி ரயில் வகை முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. குறுகிய பாதையான நாரோ கேஜில் கால் வைத்ததும் கணக்கு கலைகிறது. ஏனென்றால் அசல் நாரோ கேஜுக்கே ஒரே அளவு கிடையாது. 597 மி.மீ., 610, 686, 750, 760, 914, 1,000 என்று நாட்டுக்கு நாடு, மலைக்கு மலை, சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். அத்தனைக்கும் தனித்தனித் தண்டவாளம் தயாரித்தால் கட்டுப்படியாகுமா? இருக்கிற தண்டவாளத்தை வைத்துக்கொண்டு வண்டியைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் சமாளித்தார்கள்.

அந்தச் சமாளிப்பு உச்சத்தில் இருப்பது 45 மி.மீ. தண்டவாளத்தில். 1,435 மி.மீ. பாதை ரயில்களுக்கு அதன் மேல் 1:32 சரியான அளவு. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சிலர் அதே ரயில்களை 1:29இல் செய்தார்கள். பக்கத்தில் நிற்கும் எல்ஜிபி வண்டிகளுக்கு முன்னால் சிறுத்துத் தெரியக் கூடாது என்பதே காரணம் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் 1,067 மி.மீ. பாதைக்கு 1:24. மீட்டர் கேஜுக்கு 1:22.5. கொலராடோ மலைகளின் 914 மி.மீ. பாதைக்கு 1:20.3. இரண்டடிப் பாதைக்கு 1:13.7. இவை போதாதென்று, 32 மி.மீ. தண்டவாளத்துக்காகப் பிறந்த பிரிட்டிஷ் 1:19 வண்டிகளையும் சக்கர இடைவெளியைக் கூட்டி இதன் மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஆக ஏழு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ் என்பதால், அதை 1:22.5இல் செய்தால் 44.4 மி.மீ. வரும். ஒழுங்காகப் பொருந்துகிற சிறு கூட்டத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு, ஸ்டைன்ஸுக்கு இல்லை.

சிறிய அளவுகளில் இந்தக் கலப்புக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பிரிட்டனில் ஓ.ஓ.9 என்றொரு வகை: வண்டி 1:76 (துல்லியமாக 1:76.2), தண்டவாளம் 9 மி.மீ. அந்தத் தண்டவாளமும் மோட்டாரும் சக்கரங்களும் இதில் பாதி அளவே உள்ள ‘என்’ (N) கேஜ் ரயில்களிடமிருந்து கடன் வாங்கியவை. உள்ளே ஒரு ரயிலின் அடிச்சட்டம், மேலே வேறொரு ரயிலின் உடம்பு. 1960களில் மியூனிக்கின் எக்கர்-பான் நிறுவனம் 1:87இல் அழகழகான குட்டி நாரோ கேஜ் வண்டிகளை விற்றபோது, பிரிட்டிஷ்காரர்கள் அவற்றையும் வாங்கித் தங்கள் 1:76 ஊர்களுக்குள் ஓட்டினார்கள். இந்தத் தோராயத்துக்கு நடுவே ஒரு விசித்திரம். 9 மி.மீ.யை 76.2ஆல் பெருக்கினால் 685.8, அதாவது இரண்டடி மூன்று அங்குலம், இம்மியும் பிசகாமல். வேல்ஸின் டாலிலின் ரயில்பாதை அதே அகலம். யாரும் திட்டமிடாமலே ஓ.ஓ.9 தண்டவாளம் அந்தப் பாதைக்கு அளவெடுத்ததுபோல் அமைந்துவிட்டது.

ஜப்பானில் கலப்பு கடை அலமாரியிலேயே தொடங்குகிறது. புல்லட் ரயிலான ஷிங்கன்சென் 1,435 மி.மீ. பாதையில் ஓடுவது, அதன் ‘என்’ கேஜ் மாதிரி 1:160. அந்நாட்டின் சாதாரண ரயில்கள் 1,067 மி.மீ. பாதையில் ஓடுபவை, அவற்றின் மாதிரி 1:150. இரண்டும் ஓடுவது ஒரே 9 மி.மீ. தண்டவாளத்தில். சாதாரண ரயிலுக்கு 7.1 மி.மீ.தான் நியாயம். ஜப்பானியச் சிறுவர்கள் பல தலைமுறைகளாக இரண்டையும் பக்கம் பக்கமாக ஓட்டி வருகிறார்கள்.

அப்படியானால் எதையும் எதோடும் கோர்த்துவிடலாமா? இங்கேதான் கண் குறுக்கே வருகிறது. 1:22.5க்கும் 1:20.3க்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் தெரியாது. நீளத்தில் 11 சதவீதம். அகலமும் உயரமும் அதே விகிதத்தில் கூடுவதால் கனஅளவில் 36 சதவீதமாகிவிடுகிறது. 180 செ.மீ. உயரக் கதவு ஒன்றில் 80 மி.மீ., மற்றதில் 89. 1:29இல் அதே கதவு வெறும் 62 மி.மீ. பக்கத்தில் 1:20.3 பெட்டி நின்றால், 1:29 பெட்டிக்குள் குழந்தைகள்தான் நுழைய முடியும் போலிருக்கும்.

ரயிலின் சரியான அளவு பார்ப்பவருக்குத் தெரியாது. மனிதனின் அளவு எல்லோருக்கும் தெரியும். அதனால் கண் தானாகவே கதவையும் படிக்கட்டையும் கைப்பிடியையும் ஜன்னலையும் தேடிப் போகிறது. இன்ஜினில் நிற்கும் ஓட்டுநர் பொம்மையைத் தேடிப் போகிறது. 170 செ.மீ. ஆள் 1:20.3இல் 84 மி.மீ., 1:22.5இல் 76, 1:29இல் 59. மூன்று பேரையும் ஒரே பிளாட்பாரத்தில் நிறுத்தினால் குட்டு உடைந்துவிடும். தண்டவாளத்தின் அகலப் பிசகை மன்னிக்கும் கண், ஆளின் உயரப் பிசகை மன்னிப்பதில்லை. கேஜைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடும் நிபுணர்கள் ஓட்டுநர் பொம்மைக்குப் பாதி நேரமாவது ஒதுக்கலாம்.

கதவும் ஆளும் இல்லாத வண்டிகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. திறந்த சரக்கு வேகன், மரத்தடி ஏற்றும் தட்டை வண்டி, எண்ணெய் டேங்க், கற்பாளம் சுமக்கும் தள்ளுவண்டி ஆகியவற்றில் மனித அளவைக் காட்டிக்கொடுக்கும் தடயம் சொற்பம். 1:24 வேகன் ஒன்று 1:20.3 இன்ஜினுக்குப் பின்னால் போனால், அது ஏதோ பழைய சிறு வேகன் என்று கண் ஒப்புக்கொள்ளும். பயணிகள் பெட்டியும் கார்டு வண்டியும் அப்படி ஏமாற்றாது. விவரம் தெரிந்தவர்கள் இன்ஜினின் கேபினை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிய கேபின் பொருத்துவார்கள். படிக்கட்டையும் பிரேக் கைச்சக்கரத்தையும் மாற்றுவார்கள். எல்ஜிபியின் 1:22.5 இன்ஜின் இந்தச் சில மாற்றங்களிலேயே 1:20.3 குடும்பத்தின் சின்னத் தம்பியாகிவிடும். தூரமும் கைகொடுக்கும்: மூன்று மீட்டர் தள்ளி ஓடும் 1:22.5 வண்டி, இன்னும் ஓர் அடி தள்ளி ஓடும் 1:20.3 வண்டியின் அளவில்தான் கண்ணுக்குத் தெரியும். எனவே சிறியவை பின்தடத்திலும் பெரியவை முன்தடத்திலும் ஓடினால் கேள்வி எழாது. ஒரே தொடரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் எழும்.

அசல் நாரோ கேஜும் இந்த விளையாட்டுக்குத் துணை நிற்கிறது. வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில்பாதையில் 1863இல் கட்டப்பட்ட குட்டி இன்ஜின்களில் ஒன்றான ‘பிரின்ஸ்’ இன்றும் இருக்கிறது. அதே அகலப் பாதையாகப் போர்த்மடாக்கில் வந்து இணையும் வெல்ஷ் ஹைலேண்ட் ரயிலில், தென்னாப்பிரிக்காவுக்காகக் கட்டப்பட்ட சுமார் 62 டன் ‘காரட்’ வகை இன்ஜின்கள் ஓடுகின்றன. இரண்டையும் அருகருகே நிறுத்திப் படம் எடுத்தால், வெவ்வேறு ஸ்கேல் மாதிரிகளை யாரோ தவறாகக் கலந்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

கண்ணைச் சமாளித்தாலும் இரும்பைச் சமாளிக்க வேண்டும். முதல் சிக்கல் வண்டிகளை இணைக்கும் கப்ளிங். எல்ஜிபியின் கொக்கி-வளையம் ஓர் உயரத்தில், அமெரிக்க வண்டிகளின் கைமுட்டி போன்ற கப்ளிங் இன்னொரு உயரத்தில். ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் மற்றதுமாக வைத்த ‘மாற்று வேகன்’ ஒன்றை இடையில் கோர்ப்பது பழைய உபாயம். அடுத்தது வளைவு. எல்ஜிபியின் மிகச் சிறிய வளைவின் ஆரம் 60 செ.மீ. அசலில் அது 13.5 மீட்டர். சுவிட்சர்லாந்தின் பெர்னினா மலைப்பாதையே, அதுவும் மீட்டர் கேஜ்தான், 45 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. நீண்ட 1:20.3 இன்ஜின் அந்த 60 செ.மீ. வளைவில் தடம் புரளும், அல்லது அதன் மூக்கு வெளியே நீண்டு பக்கத்துத் தடத்து வண்டியை இடிக்கும். சுரங்க வாய், பிளாட்பார ஓரம், பாலத்தின் பக்கச்சட்டம் எல்லாவற்றையும் தொடரில் உள்ள மிகப் பெரிய வண்டியை வைத்தே அளந்து கட்ட வேண்டும். சக்கர விளிம்பின் ஆழம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், தடங்கள் பிரியும் பாயிண்ட்டில் ஒரு வண்டி வழுக்கிக்கொண்டு போகும், இன்னொன்று துள்ளும்.

மனிதர்கள் ஏறிப் பயணம் செய்யும் ரயில்களிலும் இந்தக் கலப்பு நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் 1927இல் திறந்த ராம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில்பாதையின் கேஜ் 15 அங்குலம், அதாவது 1,435 மி.மீ. பாதையில் கால்பங்கைவிடச் சற்றே அதிகம். அதன் நீராவி இன்ஜின்களோ பெரும்பாலும் பெரிய பாதை இன்ஜின்களை மூன்றில் ஒரு பங்காக்கிச் செய்தவை. அந்த விகிதத்துக்குக் கேஜ் ஏறக்குறைய 19 அங்குலம் இருந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் ரயில் இன்னும் ஒரு படி மேல். 1955இல் 36 அங்குல கேஜில் ஓடத் தொடங்கியபோது அதன் இரு இன்ஜின்களும் பெரிய பாதை இன்ஜினை எட்டில் ஐந்து பங்காகச் சுருக்கியவை. சில ஆண்டுகளில் பால்டுவின் தொழிற்சாலையின் அசல் நாரோ கேஜ் இன்ஜின்கள் இரண்டு வந்து சேர்ந்தன. 1894இல் கட்டிய ஒன்று, 1925இல் கட்டிய மற்றொன்று. சுருக்கிச் செய்த இன்ஜினும் சுருக்காத இன்ஜினும் அன்றுமுதல் ஒரே தண்டவாளத்தில் சுற்றி வருகின்றன. ஓட்டுநர்கள் மட்டும் நான்கு கேபின்களிலும் 1:1.