வட்டக் கலங்களும் செவ்வக அறையும்

திருவரங்கம் கோயில் மடைப்பள்ளிக்குக் கலங்களை அடுக்கிவைக்கும் கவலை பெரிதாக இல்லை. பெரிய பெருமாளுக்குரிய தளிகை நாள்தோறும் புது மண்கலத்தில் ஆகிறது. ஒருமுறை அடுப்பேறிய கலம் மறுமுறை ஏறுவதில்லை. அக்கோயிலைச் சூழ்ந்த உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வாழும் குடும்பங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்களுடைய கலங்கள் நெடுநாள் வாழ்பவை. பாட்டி காலத்து வெண்கலப்பானை, மாக்கல்லிற் குடைந்த கல்சட்டி, ரசத்துக்கென்றே அமைந்த ஈயச்சொம்பு, வார்ப்பிரும்புத் தோசைக்கல், இருப்புச்சட்டி, குழிப்பணியாரச்சட்டி, இட்லிப்பானை, இவற்றோடு மலைக்கோட்டை அடிவாரத்துப் பெரிய கடைவீதியில் வாங்கிச் சேர்த்த எவர்சில்வர் அடுக்குகள் எனக் குடும்பம் வளர வளர அவையும் வளர்கின்றன.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என நீண்டு கிடந்த பழைய வீடு இவை அனைத்துக்கும் இடம் தந்தது. அவ்வீடு இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழும்போது வீட்டின் நீளம் போய்விடுகிறது. கலங்கள் மட்டும் குறைவதில்லை. காவிரிக்குத் தென்கரையில் தில்லைநகரிலும் உறையூரிலும் இதே நிலைதான். தச்சரை அழைத்து, மேடைக்குக் கீழே இழுப்பறை செய்யச் சொல்கிறோம். அவர் கதவின் நிறத்தைக் கேட்கிறார்; கலங்களின் அளவை எவரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்த அளவைப் பற்றியது.

‘அடு’ என்னும் தமிழ் வினைச்சொல்லுக்குச் சமைத்தல் என்றும் பொருளுண்டு. அணுகியிருத்தல் என்றும் பொருளுண்டு. அடுப்பும் அடிசிலும் முதற்பொருளைச் சேர்ந்தவை. அடுக்கும் அடுத்தலும் இரண்டாவதைச் சேர்ந்தவை. சமைக்கும் அறையிலேயே அடுக்கும் கலையும் பிறந்தது போல இரண்டும் ஓரொலியில் நிற்கின்றன. சிற்றூர் வீடுகளில் இன்றும் காணக்கூடிய அடுக்குப்பானை அக்கலையின் முதற்பாடம். வைக்கோற்புரியால் முறுக்கிய பிரிமணைமேல் பெரிய பானை. அதன் வாய்மேல் அதைவிடச் சிறியது. அதன்மேல் இன்னும் சிறியது. அகன்ற அடி நிலத்தில் அமர்வதால் முழு அடுக்கின் நிறைமையம் தாழ்ந்து நிற்கிறது, எளிதிற் சாய்வதில்லை. தரையிலிருந்து மேல்நோக்கி வளர்வதால் மிகக் குறைந்த தரையில் மிகுந்த பொருள் அடங்குகிறது.

அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. அடிப்பானையிலுள்ள பொருள் வேண்டுமென்றால் மேலுள்ள அனைத்தையும் இறக்கவேண்டும். ஐந்து கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஐந்தையும் சம அளவில் பயன்படுத்துவோமானால், ஒவ்வொரு முறையும் சராசரியாக இரண்டு கலங்களைத் தூக்கி அப்புறம் வைக்கவேண்டும். திரும்ப அடுக்கவும் வேண்டும். மூன்றே கலங்கள் என்றால் அது ஒன்றாகக் குறைகிறது. அடிக்கடி எடுப்பதை உச்சியில் வைத்தால் இன்னும் குறைகிறது. ஆண்டுக்கொருமுறை திறக்கும் விதைநெல்லுக்கு அடிப்பானை பொருந்தும். நாள்தோறும் ஏறி இறங்கும் வாணலிக்குப் பொருந்தாது. ஆகவே இழுப்பறைக்குள் ஓரடுக்கில் மூன்றுக்கு மேல் கலம் வைப்பதை நான் ஏற்பதில்லை.

அடுக்க முடிந்த கலமும் முடியாத கலமும் உண்டு. எவர்சில்வர் அடுக்குகளின் வாய் அகன்றும் அடி சற்றுக் குறுகியும் இருப்பதால் ஒன்றினுள் ஒன்று இறங்கும். வெண்கலப்பானையும் தவலையும் வயிறு பெருத்து வாய் சிறுத்தவை. அவற்றினுள் இன்னொரு பானை இறங்காது. அவையும் எதனுள்ளும் இறங்கா. நம் சமையலறைக்கும் மேல்நாட்டுச் சமையலறைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. 1926-இல் செருமனியின் பிராங்பர்ட்டு நகரில் மார்கரெட் சூட்டெ-லிகோட்சுகி என்னும் பெண் கட்டடக்கலைஞர், 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவுள்ள சிறு சமையலறையை வகுத்தார். அதில் அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுவைக்கலங்கள் வரிசையாக அமைந்தன. நம் அஞ்சறைப்பெட்டியின் கருத்தைச் சுவருக்குள் பொருத்தியது போன்ற அமைப்பு அது. சமைப்பவரின் ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்து அமைத்த அந்த உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் அந்நாட்டுக் கலங்கள் நேர்ச்சுவர் கொண்டவை. நம் பானையின் வயிற்றை அவர் அளந்திருக்க வேண்டியதில்லை. அந்த அளவை நாம்தான் எடுக்கவேண்டும்.

நிலத்தில் அமர்ந்து விறகடுப்பில் சமைத்த காலத்தில் கலங்கள் கையெட்டும் தொலைவில், முழங்கால் உயரத்தில் இருந்தன. நின்று சமைக்கும் மேடை வந்தபோது அதன் கீழே ஓர் இருட்குகை பிறந்தது. கொத்தனார் கடப்பைக்கற்களை நிறுத்தி அதைப் பகுத்துத் தந்தார். அக்குகையின் பின்பாதியில் உள்ள கலத்தை எடுக்க, குனிந்து, முன்னுள்ளவற்றை விலக்கி, கையை நீட்டித் தூக்கவேண்டும். 3 கிலோ நிறையுள்ள கலத்தை உடலிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தூக்கும்போது தோளிலும் இடுப்பிலும் ஏறத்தாழ 15 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் விழுகிறது. அதையே உடலோடு ஒட்டி, 20 செ.மீ. தொலைவில் தூக்கினால் 6 மட்டுமே. இழுப்பறையின் பயன் அழகில் இல்லை. அது கலத்தை நம்மிடம் கொண்டுவருகிறது என்பதில் இருக்கிறது. மேலிருந்து நோக்கினால் எல்லாக் கலமும் ஒரே பார்வையில் தெரிகின்றன என்பது அடுத்த பயன்.

இனிக் கணக்கு. இரண்டு கடப்பைக்கற்களுக்கு இடையே 60 செ.மீ. இடைவெளி இருக்கிறதென்று கொள்வோம். உருளைமணிகள் பதித்த இரும்புச் சறுக்குச்சட்டம், கடைக்காரர் ‘சேனல்’ என்பது, பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எடுத்துக்கொள்ளும். 18 மி.மீ. ஒட்டுப்பலகை இருபுறமும் வைத்தால் உள்ளகலம் ஏறத்தாழ 54 செ.மீ. மட்டுமே. 50 செ.மீ. நீளச் சட்டத்தில் முன்பலகையும் பின்பலகையும் போக உள்ளாழம் 46 செ.மீ. அறுபது இருக்கிறதென்று எண்ணி 28 செ.மீ. விட்டமுள்ள இரண்டு கலங்களை அருகருகே வைக்கத் திட்டமிட்டவர் ஏமாறுவார். அவற்றுக்கு 56 வேண்டும்.

திருவரங்கம் கோயிலில் வட்டவடிவில் எழுந்து நிற்கும் நெற்களஞ்சியங்களான கொட்டாரங்களை எண்ணிப் பாருங்கள். நெல் எந்த வடிவ அறையையும் மூலை முடுக்கின்றி நிரப்பும். பானை அப்படி நிரப்பாது. சம வட்டங்களைக் கட்டம் கட்டமாக வைத்தால், எவ்வளவு பெரிய பரப்பானாலும் 78.5 விழுக்காடே நிரம்பும். தேன்கூடு போல வரிசை விலக்கி வைத்தால் 90.7 வரை ஏறும். ஆனால் அந்த உயர்ந்த அளவு எல்லையற்ற பரப்புக்கு உரியது. நம் 54-க்கு 46 பெட்டியில் 22 செ.மீ. விட்டமுள்ள கலங்கள் நான்கு அமரும். அவை மூடும் பரப்பு 61 விழுக்காடு. எஞ்சிய இடத்தை வீண் என்று தள்ளிவிடக் கூடாது. நான்கு வட்டங்கள் தொட்டுக்கொள்ளும் நடுவில் 9 செ.மீ. விட்டமுள்ள ஒரு கிண்ணம் சரியாகப் பொருந்தும். அகலத்தில் 10 செ.மீ. பட்டையொன்று மிஞ்சும். அதில் மெல்லிய தடுப்புப் பலகை நிறுத்தி, தோசைக்கற்களையும் மூடிகளையும் நிமிர்த்தி வைக்கலாம். படுக்கவைத்தால் ஒரு முழு வட்டத்தை விழுங்கும் தோசைக்கல், நிமிர்த்தினால் ஒன்றிரண்டு விரலகலமே எடுக்கும். ஆனால் 30 செ.மீ. கல் நிமிர்ந்து நிற்க, அடியிலுள்ள இழுப்பறையின் உயரம் அதற்கு மேல் இருக்கவேண்டும் என்பதைத் தச்சரிடம் முன்னமே சொல்லவேண்டும். கைப்பிடியுள்ள வாணலி வட்டமன்று. அதன் இரு காதுகளையும் சேர்த்து அளப்பதே அளவு.

நிறை அடுத்த கேள்வி. 30 செ.மீ. விட்டமும் 6 மி.மீ. தடிப்பும் உள்ள வார்ப்பிரும்புத் தோசைக்கல்லின் கன அளவு 424 கன செ.மீ.; இரும்பின் அடர்த்தி 7.2 ஆதலால் அதன் நிறை ஏறத்தாழ 3 கிலோ. அதே அளவில் அலுமினியம் 1.15 கிலோவே. வெண்கலம் இரும்பினும் அடர்த்தி மிக்கது. இரண்டு தோசைக்கல், கல்சட்டி, உருளி, வெண்கலப்பானை, குக்கர் என்று சேர்த்தால் அடியறை எளிதில் 20 கிலோவைத் தொடும். 45 கிலோ தாங்கும் என்று எழுதிய சட்டத்துக்கு இது என்ன என்று தோன்றலாம். முழுவதும் வெளியே இழுத்த நிலையில் இழுப்பறை, ஒரு முனையில் மட்டும் பற்றப்பட்ட விட்டம் போன்றது. 20 கிலோவின் மையம் அலமாரி முகப்பிலிருந்து 25 செ.மீ. வெளியே நின்றால் 49 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் அந்தச் சட்டத்தின் பின்முனையில் இழுக்கிறது. கனமானவற்றைப் பின்வரிசைக்கு மாற்றி மையத்தை 15 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் அது 29 ஆகிறது. நிறை மாறவில்லை; இடம்தான் மாறியது. அறை முழுதும் வெளிவரும் வகைச் சட்டமாக இருந்தால், பக்கத்தில் நின்று பின்வரிசைக் கலத்தை எடுப்பதில் தொல்லை இல்லை. முக்கால் அளவே வெளிவரும் சட்டத்தை வாங்குவது பழைய குகையின் கால்பங்கை மீண்டும் விலைகொடுத்து வாங்குவதாகும்.

ஈரத்தைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும், ஏனெனில் பேசும் இடமான திருவரங்கம் இரு ஆறுகளுக்கு நடுவிலுள்ள தீவு. முன்பு கழுவிய கலங்கள் முற்றத்து வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. இன்று நீர் சொட்டும் கலம் நேரே மூடிய பெட்டிக்குள் போகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தால் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துரு விரைவுபெறுகிறது. மூடிய ஈரப்பெட்டிக்குள் அந்த எல்லையைக் கடக்க ஒரு கரண்டி நீர் போதும். தோசைக்கல்லைத் துடைத்து நல்லெண்ணெய் தடவி வைக்கும் வழக்கம் ஆக்சிசனையும் நீரையும் விலக்கும் நுண்ணிய போர்வை. ஈரத்தோடு அலுமினியக் கலத்தைப் பித்தளையோடு ஒட்டிவைத்தால் இரண்டும் சிறு மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படுகிறது. புளி ஒட்டிய பித்தளை களிம்பேறும். ஆகையால் கம்பிக்கூடை அடியோ, துளையிட்ட அடிப்பலகையோ அமைவது நன்று. பலகையையும் நீர் தாங்கும் வகையாகத் தேர்க. இந்தியத் தரநிலை எண் 710 கடல்தர ஒட்டுப்பலகையைக் குறிக்கும். கழுவுதொட்டியை ஒட்டிய அறைக்கேனும் அதுவே ஏற்றது.

ஈயச்சொம்புக்குத் தனி இடம் வேண்டும். வெள்ளீயம் மென்மையான உலோகம். 232 பாகை செல்சியசில் உருகிவிடும். அதனால்தான் ரசம் ஊற்றிய பின்பே அதை அடுப்பில் ஏற்றுகிறோம். அதன்மேல் குக்கரை வைத்தால் விளிம்பு கோணும். துணி விரித்த சிறு பகுப்பில், மேலறையில், அஞ்சறைப்பெட்டிக்கும் இடுக்கிக்கும் அருகே அது தனியே இருக்கட்டும்.

எரிவளி உருளையை மறந்து இழுப்பறை வகுப்பவர் உண்டு. 14.2 கிலோ எரிவளி கொள்ளும் அந்த உருளை மேடைக்குக் கீழ் ஒரு கண்ணறையை முழுதும் எடுத்துக்கொள்ளும். அவ்வளி காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் படியும். எனவே அந்தக் கண்ணறையின் கதவில் தரையை ஒட்டிக் காற்றுத்துளை இருந்தே ஆகவேண்டும். இதில் அழகுக்கு விட்டுக்கொடுத்தல் கூடாது.

எது எந்த அறைக்குப் போகும் என்பதை ஆண்டின் நாட்களே தீர்மானிக்கும். நாள்தோறும் எடுப்பவை நடு அறையில். கிழமைக்கு ஓரிருமுறை எடுப்பவை அடியறையில். ஆடிப்பதினெட்டுக்கு அம்மா மண்டபப் படித்துறைக்குக் கலந்த சோறு கட்டிக்கொண்டுபோகும் பெரிய தூக்குகளும், பொங்கலுக்கு மட்டும் அடுப்பேறும் பெரிய வெண்கலப்பானையும், சுற்றம் கூடினால் இறங்கும் அண்டாவும் பரணுக்கு உரியவை. இவற்றை இழுப்பறைக்குள் திணிக்க முயல்வதாலேயே பல அடுக்களைகள் முதல் ஆண்டிலேயே நெரிசல் கொள்கின்றன.

தச்சர் வருவதற்கு முந்தைய நாள் இதைச் செய்துபார்க்கலாம். வீட்டிலுள்ள எல்லாக் கலங்களையும் கூடத்தில் பரப்புக. கோலமாவால் தரையில் 54-க்கு 46 செ.மீ. செவ்வகங்கள், அமையவிருக்கும் அறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, வரைக. கலங்களை அவற்றுள் வைத்து, மாற்றி, மறுபடி வைத்துப் பார்க்க. ஒவ்வொரு செவ்வகத்திலும் மிக உயரமான கலத்தை அளந்து, அதன்மேல் இரண்டு விரற்கடை கூட்டி, அந்த அறையின் உயரமாக எழுதிக்கொள்க. கோட்டுக்கு வெளியே நின்றவற்றை அன்றே பரணில் ஏற்றிவிட்டு, அந்தத் தாளைத் தச்சர் கையில் கொடுக்க.