நேர்த்திக்கடனும் முகங்களும்: புதுக்கோட்டைத் திருவிழாக்களில் குடும்பங்களைப் படமெடுக்கும் கலை

புதுக்கோட்டை மாவட்டத்தின் திருவிழாக்களைப் படமெடுப்போர் பெரும்பாலும் தேரையும் காளையையும் காவடியையுமே நாடுகின்றனர். ஆயினும் ஒரு விழா தன் மக்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பதை, அங்குக் குடும்பத்தோடு வந்து நிற்பவர்களின் முகங்களே தெளிவாகக் காட்டுகின்றன. அம்முகங்களைப் பதிவு செய்ய விழைபவர், எந்த வேண்டுதல் அக்குடும்பத்தை அவ்விடத்துக்கு அழைத்து வந்தது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

இம்மண்ணின் ஒளிப்பட வரலாறு நீண்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் வெளியிட்ட தொகுப்புகளுள் ஒன்று, தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக அன்றிருந்த புதுக்கோட்டையைப் பற்றியது. மெழுகூட்டிய தாளை நெகட்டிவாகக் கொண்ட அவருடைய முறையில் ஒளி பதிய நெடுநேரம் பிடித்தமையால், கோயில்களும் பாறைகளும் துல்லியமாகப் பதிந்தன; கணத்தில் மாறும் முகக்குறிப்பு பதிய வழியில்லை. கையடக்கக் கேமராக்கள் வந்த பிறகே அது இயல்வதாயிற்று. 1937-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் சென்ற பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரசோன், மன்னரை விடுத்து, வீதியில் காத்திருந்த மக்களையே படமெடுத்து, விழாவைக் காண்போரும் விழாவின் பகுதியே என்பதை நிறுவினார்.

உணர்ச்சியை அதன் காரணத்தோடு சேர்த்துக் காணும் மரபு தமிழில் மிகப் பழையது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று அழைக்கும் தொல்காப்பியம், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றாலும், பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றாலும் தோன்றும் என்பது அதன் கருத்து. முகத்தை மட்டும் பதிவு செய்து, அம்முகத்தை அவ்வாறு ஆக்கியதைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடும் படம் பாதிப் படமே என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

மாரியம்மன் கோயில்களின் கரும்புத் தொட்டில் இதற்குச் சிறந்த சான்று. பிள்ளை வரம் வேண்டியவர்கள், வரம் கிட்டிய பின், கரும்புகளில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையை அதில் இட்டு, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகத் தோளில் சுமந்து கோயிலை வலம் வருவர். தாயின் கண்ணீரை மட்டும் நெருங்கி எடுத்தால் அது துயரமாகவும் படக்கூடும். கரும்பும் தொட்டிலும் தந்தையின் தோளும் உடன் வரும்போதே அது உவகையென்று விளங்கும். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில், 30 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலைக்கு மாசிமகத்தன்று பக்தர்கள் காகிதப்பூ மாலைகளைச் சாத்துகின்றனர். தாங்கள் கொண்டுவந்த மாலை மேலேறுவதை அண்ணாந்து பார்க்கும் குடும்பத்தினரிடம் மருட்கையும் பெருமிதமும் ஒருங்கே தோன்றும். தச்சங்குறிச்சி, விராலிமலை முதலிய ஊர்களின் ஜல்லிக்கட்டில், காளைகளை அவிழ்த்துவிடும் குறுகிய வாயிலாகிய வாடிவாசலின் முன்பாகவே கேமராக்கள் குவிகின்றன. ஆனால் காளையைப் பிள்ளைபோல் வளர்த்தவர்களின் அச்சமும் நிம்மதியும், களத்தைக் கடந்து ஓடிவரும் காளையை மீண்டும் கயிற்றில் பிடிக்கும் இடத்திலேதான் வெளிப்படுகின்றன.

தொழில்நுட்பமும் இந்நோக்கத்துக்கு இசைவாக அமைதல் வேண்டும். தொலைவிலிருந்து முகத்தைத் தனித்தெடுக்கும் நீண்ட லென்ஸைவிட, மனிதரையும் சூழலையும் ஒருசேரக் காட்டும் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் பொருத்தமானது; அதனைப் பயன்படுத்துபவர் அருகில் செல்ல நேர்வதால், பேசிப் பழகவும் இசைவு பெறவும் வாய்ப்பு உண்டாகிறது. உச்சி வெயில் கண்குழிகளில் கரிய நிழலை வீழ்த்துமாதலால், காலையொளியும் பந்தலின் கீழுள்ள பரவிய ஒளியும் முகங்களுக்கு ஏற்றவை. தீச்சட்டி ஏந்துவோரை ஃபிளாஷ் இன்றி, கேமராவின் ஒளியுணர்திறனைக் கூட்டி, நெருப்பின் வெளிச்சத்திலேயே எடுத்தால் அவ்விரவின் தன்மை கெடாது.

எல்லாவற்றினும் மேலானது மனிதரின் மதிப்பு. சாமி வந்து ஆடும் பெண், ஆடை கலைந்த நிலையில் தன்னை மறந்திருக்கையில் இசைவு தர இயலாதவர். அப்பொழுது கேமராவைத் தாழ்த்துவதே முறை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. கூட்டத்தில் நிற்பதனாலேயே ஒருவர் தம் கண்ணீரை ஊரறியக் காட்ட ஒப்பினார் என்று கொள்ளுதல் தகாது. எடுத்த படத்தை அச்சிட்டு, ஊரும் ஆண்டும் வேண்டுதலும் பின்புறத்தில் எழுதி, அக்குடும்பத்திடமே சேர்ப்பிப்பது படமெடுப்பவரின் கடன். அவ்வாறு சேரும் படம், தங்கள் பிறப்புக்காக என்ன வேண்டப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அறியும் குடும்ப ஆவணமாகவும், அரசர்களையும் கோயில்களையும் மட்டுமே பதிவு செய்துவந்த ஒரு மாவட்டத்தின் வரலாற்றில் எளிய மக்களுக்கு இடம் தரும் சான்றாகவும் நிலைபெறும்.